நாற்காலியில் இருந்தது யார்?

அத்தியாயம் 4

அண்ணி அந்த நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு அதன் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. கூட்டம் போடுகிற இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த ரகம்.

“கால்ல சுளுக்கா அண்ணி? வேணும்னா பிடிச்சு விடறேன்,” என்றேன்.

“வாயை மூடிட்டு உட்காரு.”

“எங்க?”

“இதுலதான்.”

நாற்காலியை நிமிர்த்தி வாசல் மண்ணில் வைத்தார். உட்கார்ந்தேன். ஒரு வாரமாக விட்டுவிட்டுத் தூறியதில் மண் நன்றாக இளகியிருந்தது. நானும் அப்படியொன்றும் பஞ்சுப்பொதி இல்லை. நாற்காலியின் கால்கள் நறுக்கென்று உள்ளே இறங்கின. அண்ணி என்னை எழுப்பிவிட்டு, நாற்காலியைத் தூக்கி, மண்ணில் விழுந்த குழிகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், வந்த வேலை முடிந்துவிட்டது, இனி நீ தேவையில்லை என்பதுபோல.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லி நஷ்டஈடு கேட்கிறவர்களைப் பிடிக்கிற வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் வேலை போய் வீட்டில் சும்மா இருந்தவன். தண்டச்சோறு தின்பதற்கு அவளுக்குப் பையாவது தூக்கு என்று அண்ணன் அனுப்பிவைத்தான். பை தூக்காத நேரத்தில் வாயடிப்பேன். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

நாற்காலியின் கதை இதுதான். இந்தத் தெருவில் கொஞ்ச காலம் முன்பு வரை பட்டப்பகலில் திருட்டு. சைக்கிள் போனது, தண்ணீர்க் குழாய் போனது, கொடியில் காயப்போட்ட துணிகூடப் போனது. பெரும்பாலும் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் கிளம்பினால் தெரு வெறிச்சென்று கிடக்கும். புகார் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், கடைசியில் தெருக்காரர்களே கூடி ஒரு காவல் குழு அமைத்தார்கள். தபால் இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அதை நடத்துகிறார். தெருவே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறது.

யோசனையும் தலைவருடையதுதான். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டு வாசலில் நாற்காலி இருக்கும். வீட்டுக்காரர் லீவு போட்டாவது அதில் உட்கார்ந்து, புது முகம் எது வந்தாலும் யார், என்ன, எதற்கு என்று விசாரிக்க வேண்டும். மறுநாள் நாற்காலி பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகும். நாற்காலியை விட்டு எழுந்துபோன நேரத்தில் ஏதாவது காணாமல் போனால், எழுந்தவர்தான் பொறுப்பு.

திருட்டு நின்றது. சுத்தமாக நின்றது. அடுத்த தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அவர்களும் போய் ஒரு நாற்காலி வாங்கினார்களாம்.

அப்படிப்பட்ட தெருவில் நேற்று முன்தினம் காலையில் தையல்காரம்மாவின் மெஷின் காணாமல் போயிற்று. வீட்டில் வைத்து மிதிக்கிற சின்ன மெஷின் இல்லை. இரும்பு ஸ்டாண்டும் மோட்டாருமாகப் பெரிய தையற்கூடங்களில் இருப்பது. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்து அதை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார். தைத்த துணியைக் கொடுக்கப் போனவர் கதவைச் சாத்தினாரே தவிர, பூட்டவில்லை. நாற்காலி வந்ததிலிருந்து இந்தத் தெருவில் பகலில் யாரும் பூட்டுவதில்லை.

அன்றைக்கு நாற்காலி கடைசி வீட்டு டாக்சிக்காரர் வாசலில் இருந்தது. குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். நான் இடத்தை விட்டு நகரவில்லை, வெளியாள் யாரும் வரவில்லை என்றார் அவர். தெருவும் ஆமாம், அவர் அங்கேதான் இருந்தார், கண்ணால் பார்த்தோம் என்றது. வெளியாள் வரவில்லை என்றால் எடுத்தது உள்ளாள். காலையெல்லாம் வெளியே தெருவில் இருந்த ஒரே ஆள் நாற்காலிக்காரர். குழு கூடியது, வீட்டுச் சொந்தக்காரருக்குச் செய்தி போனது, இன்று சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் ஒரு மினி லாரியில் அந்தக் குடும்பத்தின் பீரோ ஏறிக்கொண்டிருந்தது.

“திருடன் யாருன்னு முடிவு பண்ணி வீட்டைக் காலி பண்ண வெச்சாச்சு,” என்றார் அண்ணி மெதுவாக. “அப்புறமும் தலைவர் காலையில நமக்கு எதுக்கு ஃபோன் பண்ணினார்?”

“உங்க புகழ் அப்படி அண்ணி.”

“நாம எத்தனை நேரத்துல கண்டுபிடிப்போம்னு அவர் கேட்ட குரல் உனக்கு ஞாபகம் இருக்கா? கோபமா இருந்த மாதிரி இல்ல. பயந்த மாதிரி இருந்துச்சு.”

எனக்கு ஞாபகம் இல்லை. ஃபோனை எடுத்துக் கொடுத்தவன்தான் நான், காதில் வாங்கினவன் இல்லை.

டாக்சிக்காரர் உள்ளே கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி எதை எப்படித் திருப்பிக் கேட்டாலும் ஒரே பதில், நகரவில்லை. சொல்லும்போதெல்லாம் ஸ்பானர் கையை விட்டு நழுவியது. அவர் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே கேட்டாள், ஆனால் ஒரு வார்த்தையும் பேசவில்லை, எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை. அவர்களுடைய மகள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது, புது வீட்டிலும் நாற்காலி இருக்குமா என்று அம்மாவிடம் கேட்டாள். சும்மா இரு என்று அதட்டல் கிடைத்தது.

வெளியே வந்ததும் நான் ஆரம்பித்தேன். திருட்டு முழி என்று அகராதியில் படம் போட வேண்டுமானால் இவரைத்தான் நிற்க வைக்க வேண்டும், நாம் வீட்டுக்குக் கிளம்பலாம் என்றேன்.

“தப்புப் பண்ணின முழிதான்,” என்றார் அண்ணி. “எந்தத் தப்புன்னுதான் பார்க்கணும். மத்தவங்க முழியையும் பார்த்துட்டு வரலாம், வா.”

அடுத்த ஒரு மணி நேரம் அண்ணி தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. டாக்சிக்காரர் அன்றைக்கு நாற்காலியில் இருந்ததைப் பார்த்தீர்களா? பார்த்தோம். நன்றாகப் பார்த்தீர்களா? நன்றாகவே பார்த்தோம். போகிற போக்கில், வாசற்படி இறங்கிய பிறகு, ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி ஒரு கேள்வி. என்ன சட்டை போட்டிருந்தார்?

சலூன்காரர் கட்டம் போட்ட சட்டை என்றார். டீச்சர் வெள்ளை என்றார், அதுவும் கொஞ்சம் அழுக்கு வெள்ளை என்று விவரமாக. மருந்துக்கடைக்காரர் நீலம் என்றார். அவர் மனைவி உள்ளிருந்து பச்சை என்று குரல் கொடுத்தார். கொடுத்த வேகத்தில் இல்லை, நீலம்தான் என்று மாற்றிக்கொண்டார்.

“ஒரே காலையில இத்தனை சட்டை மாத்தியிருக்காரு. சினிமாவுல ஒரு பாட்டுக்குள்ள மாத்துவாங்களே, அந்த மாதிரி,” என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்தபடி ஒவ்வொரு வீட்டு வாசலாக நடந்துகொண்டிருந்தார். ஏதோ காதுத்தோடு தொலைந்துபோனதுபோல மண்ணைப் பார்த்துக்கொண்டே தெருவின் கோடி வரை போனார், எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்தார். பிறகு என்னிடம், எல்லோரையும் தலைவர் வீட்டுக்கு வரச் சொல், டாக்சிக்காரரையும் அவர் மனைவியையும் சேர்த்து என்றார். லாரிக்காரன் அவசரப்படுவான் என்றேன். அவனை நிறுத்திவை, அதற்குத்தானே உனக்கு வாய் இருக்கிறது என்றார்.

*

தலைவர் வீட்டு முன்னறை நிரம்பிவிட்டது. சோபா, ஸ்டூல், ஜன்னல் திட்டு எல்லாவற்றிலும் ஆள். தையல்காரம்மா ஓரமாக, மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தார். மெஷின் இல்லாத கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்சிக்காரரும் மனைவியும் வாசலோடு நின்றுவிட்டார்கள். யாரும் அவர்களை உள்ளே கூப்பிடவும் இல்லை. தலைவர் மட்டும் தன் சாய்வு நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறை முழுக்க வலி நிவாரணித் தைல வாசனை. மருந்துக்கடைக்காரர் மேலிருந்துதான் வருகிறது என்று அப்போது நான் நினைத்தேன்.

அண்ணி வளைத்துப் பேசவில்லை.

“இவர் அன்னைக்கு நாற்காலியில உட்காரவே இல்ல. உட்கார்ந்திருந்தா மண்ணுல கால் பதிஞ்சிருக்கும். இவர் வாசல்ல இப்ப இவன் உட்கார்ந்தான், எப்படிப் பதிஞ்சிருக்குன்னு போய்ப் பாருங்க. அதுக்கு முன்னாடி அங்க ஒரு கீறல்கூட இல்ல.”

சலூன்காரர் தொடையில் தட்டினார். அப்படியானால் எழுந்துபோய்ப் பொய் சொல்லியிருக்கிறார், குற்றம் உறுதி என்றார். வாசலில் நின்ற டாக்சிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

“இருங்க,” என்றார் அண்ணி சலூன்காரரிடம். “ஒரு வாரமா மழை. மெஷின் போனதுக்கு முந்தின நாள் நாற்காலி உங்க வாசல்ல. அங்கேயும் குழி இல்ல. அதுக்கு முன்னாடி டீச்சர் வாசல். அங்கேயும் இல்ல. மருந்துக்கடைக்காரர் வாசல்ல தேடித் தேடிப் பார்த்தேன். இந்தத் தெருவுல எந்த வாசல்லயும் அந்த நாற்காலி கால் பதிஞ்ச தடமே கிடையாது.”



முதலில் தொண்டையைச் செருமினவர் டீச்சர். ஒரே ஒரு நாள்தானே, பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது, நாற்காலியைப் போட்டு அதன்மேல் ஒரு துண்டையும் பேப்பரையும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன் என்று மென்று முழுங்கினார். மற்றவர்கள் எல்லோரும்தான் ஒழுங்காக உட்காருகிறார்களே, நம் ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாராம். மருந்துக்கடைக்காரருக்கும் அப்படியே ஒரே ஒரு நாள். சலூன்காரருக்கும் ஒரே ஒரு நாள். அதே துண்டு, அதே பேப்பர். ஒவ்வொருவரும் தான் ஏமாற்றியதைச் சொல்லும்போது தலையைக் குனிந்தார்கள், பக்கத்தில் இருப்பவர் ஏமாற்றியதைக் கேட்டபோது அதிர்ச்சியில் நிமிர்ந்தார்கள். வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

“அப்ப இத்தனை நாள் திருட்டு எப்படி நின்னுச்சு?” என்று தையல்காரம்மா கேட்டார்.

“திருடனும் உங்களை மாதிரியே நம்பியிருக்கான்மா. யாரோ உட்கார்ந்திருக்காங்கன்னு.”

பார்க்காததைப் பார்த்தோம் என்று ஏன் சொன்னார்கள் என்பதும் வெட்டவெளிச்சமாகிவிட்டது. நாற்காலி காலியாக இருந்தது என்று ஒருவர் வாயைத் திறந்தால், உன் முறை அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். டாக்சிக்காரர் நகரவில்லை என்று பொய் சொன்னார். தெருவே அவருக்காகச் சாட்சி சொன்னது. அந்தச் சாட்சிதான் அவர் கழுத்தை இறுக்கியது. எழுந்தேன் என்றால் பொறுப்பு, எழவில்லை என்றால் திருடன். பாவம், மனிதர் எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்கிற இடம். அகராதி, படம் என்றெல்லாம் நான் பேசியது ஞாபகத்துக்கு வந்து எனக்கே நாக்கு கசந்தது.

“சரி, இனி உண்மையைச் சொல்லுங்க,” என்றார் அண்ணி. “அன்னைக்கு வெளியாள் வந்தானா இல்லையா?”

வந்தான். ஒரு வேன் வந்தது என்றார் சலூன்காரர், தொப்பி போட்ட ஒருவன் இறங்கினான். அவர் தன் ஜன்னலில் இருந்து பார்த்தார். நாற்காலியில் இருப்பவர் விசாரித்துத்தான் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். டீச்சர் அன்றைக்குக் கிளம்பத் தாமதம். அவன் அவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான், அவரும் கொடுத்தார். மெஷினை ரிப்பேருக்கு எடுத்துப்போகிறேன் என்றான். நாற்காலியைத் தாண்டி வந்தவன்தானே என்று அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சொல்லி முடித்ததும் டீச்சர் தையல்காரம்மாவின் பக்கம் திரும்பினார், கண்ணைப் பார்க்க முடியாமல் மறுபடி தரையைப் பார்த்தார்.

“எத்தனை பேர் வந்தாங்க?” என்றார் அண்ணி.

ஒருவன்தான் என்று இருவரும் சொன்னார்கள்.

அண்ணி தையல்காரம்மாவிடம் கேட்டார். அந்த மெஷினை வாங்கி வந்தபோது இறக்கியவர்கள் எத்தனை பேர்? இரண்டு பேர், அவர்களுக்கும் நாக்குத் தள்ளிவிட்டது என்றார் அவர். அவர் வீட்டு வாசற்படிக்குப் போன வாரம்தான் பெயிண்ட் அடித்திருந்தது. அதில் ஒரு சிராய்ப்பு இல்லை. வாசல் மண்ணிலும் இழுத்த தடம் இல்லை.

“அப்ப தூக்கிக்கிட்டுத்தான் போயிருக்காங்க. ஒரு பக்கம் அவன். இன்னொரு பக்கம் யாரு?”

எல்லோரும் மறுபடி டாக்சிக்காரரைப் பார்த்தார்கள். பழக்கதோஷம். அண்ணி மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலைவரே, ரொம்ப நேரமா நிக்கறீங்க. உட்காருங்களேன்.”

தலைவர் உட்காரவில்லை. பரவாயில்லை என்றார். அண்ணி எழுந்துபோய் சாய்வு நாற்காலியை அவருக்கு வாகாக இழுத்துப்போட்டார். அவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தார், முகம் கோணியது, அப்படியே நிமிர்ந்துவிட்டார். அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று இப்போது எனக்குப் புரிந்தது. அண்ணி குரலைத் தாழ்த்தினார்.

“எப்பலேருந்து இந்த வலி?”

நேற்று முன்தினத்திலிருந்து என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர், அத்தனை பேர் முன்னால், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஒத்தை ஆளா இழுக்க முடியாம நின்னான். ஒரு கை பிடிங்க சார்னான். நாற்காலியைத் தாண்டி வந்தவன்தானேன்னு நானும்… நான்தான் வேன் வரைக்கும் தூக்கினேன். பின்கதவு கொக்கி உடைஞ்சு கயிறு கட்டியிருந்துச்சு. வழியில விழுந்துடப்போகுதுன்னு இழுத்துக் கட்டி விட்டதும் நான்தான்.”

“எங்களைக் கூப்பிட்டது?”

“அவனைப் பிடிச்சுடுவீங்கன்னு நினைச்சேன்மா. என் வரைக்கும் வராம. அவன் கிடைச்சுட்டா இவங்க போக வேண்டியதில்ல, நானும் சொல்ல வேண்டியதில்ல. காலையிலேருந்து சொல்லிடணும் சொல்லிடணும்னுதான் இருக்கேன்.”

“அதுக்குள்ள பீரோ ஏறிடுச்சு,” என்றார் அண்ணி.

திருடனைப் பற்றி அதற்கு மேல் பெரிதாகக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பின்கதவைக் கயிற்றால் கட்டிய வேன், அதன் நிறம், முகத்துக்கு முகம் நின்று பார்த்த ஒரு சாட்சி. போலீசுக்கு இதைவிட என்ன வேண்டும்? அண்ணி ஃபோனைத் தன் கையால் போடவில்லை. தலைவரிடம் கொடுத்து, நீங்களே சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னார். கட்டிவிட்டது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

*

வெளியே லாரியில் எல்லாம் ஏறியிருந்தது. நான் நிறுத்திவைக்கச் சொன்னதை லாரிக்காரன் வண்டியைத்தான் என்று எடுத்துக்கொண்டு, சாமான்களை ஏற்றி முடித்துவிட்டான். கூட்டம் அப்படியே எழுந்து வந்து லாரியைச் சுற்றி நின்றது. தலைவர் கைகூப்பினார். டாக்சிக்காரர் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

“நானும் எழுந்து போனவன்தான் சார். ஒரு சவாரி கிடைச்சுதுன்னு போயிட்டேன். எல்லாரும் உட்கார்றாங்க, நான் ஒருத்தன்தான் ஏமாத்தறேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல.”

“நான்தான் போகச் சொன்னேன்,” என்றாள் அவர் மனைவி. அன்று முழுக்க அவள் எங்களிடம் பேசிய முதல் பேச்சு அது. “நான் ஜன்னல் வழியா பார்த்துக்கறேன்னு சொன்னேன். பார்க்கல. அப்புறம் நீங்க எல்லாரும் இவர் இருந்தார், பார்த்தோம்னு சொன்னீங்களே, அப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? பொய்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கல. அந்த நிம்மதிதான் இப்ப லாரியில ஏறியிருக்கு.”

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். யாரும் எங்கும் போக வேண்டாம், வீட்டுச் சொந்தக்காரரிடம் நான் பேசுகிறேன், சாமானை இறக்குங்கப்பா என்றார். சொல்லிவிட்டு அவரே ஒரு டிரங்குப் பெட்டியின் பிடியைப் பிடித்து இழுத்தார். அண்ணி ஓடிப்போய் மறு பிடியைப் பிடித்தார்.

மற்றவர்கள் நின்றார்கள். மனம் இல்லாமல் இல்லை. எல்லோர் முகத்திலும் இறக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. சலூன்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் தலைவரைப் பார்த்தார், தலைவரின் இடுப்பு ஞாபகம் வந்து வேறு பக்கம் பார்த்தார். யாராவது ஒருவர் முதலில் கை வைத்தால் போதும், அத்தனை பேரும் பாய்ந்திருப்பார்கள்.

டாக்சிக்காரரின் மனைவி காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள்; ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், என் முகத்தையும் பார்த்தாள். பிறகு பெட்டியை அண்ணி கையிலிருந்து மெதுவாக வாங்கி மறுபடி லாரிக்குள் தள்ளினாள்.

“விடுங்கக்கா. ரெண்டு பேரே எவ்வளவு இறக்குவீங்க,” என்றாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் ஏறினாள். அவள் கணவர் தெருவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தார். லாரி முன்னால் போயிற்று, டாக்சி பின்னால் போயிற்று. அவை திரும்பி மறைந்த பிறகுதான் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இறக்கியிருக்கலாமே என்று சலூன்காரர் சொன்னார். நான்கூட அதைத்தான் நினைத்தேன் என்றார் டீச்சர்.

அண்ணி கையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

“லாரிக்குப் பக்கத்துல நின்னவன் நீதானே தம்பி?”

வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பதில் தயாராக இருக்கும் எனக்கு. இது அவர்கள் தெரு, அவர்கள் சாமான், அவர்களில் யாராவது ஒருவர் இறக்குவார்கள் என்று நினைத்தேன். அதை அண்ணியிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அண்ணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.